பெற்ற வரைக்கும்

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி கட்டி முடித்தோம்.
முடித்தோம் என்றால்
பின்சுவருக்கு ஒரு கோட்டிங் பாக்கி,
எங்களுக்கு மூன்று லட்சத்து எழுபத்திரண்டாயிரம் பாக்கி.
ஷட்டர் சாவி என் அரைஞாண் கயிற்றில்.

தைத்த கூலி தராதவனுக்கு
டெய்லர் சட்டையைக் கொடுப்பதில்லை.
பஞ்சர் காசு தராதவனின் சைக்கிள்
கடை வாசலிலேயே நிற்கும்.
சட்டம் எனக்கு அவ்வளவுதான் தெரியும்.
கட்டடத்தை எங்கே மடித்து வைப்பது?
சாவியை வைத்திருந்தேன்.

பதினோரு நாள்.
கச்சான் காற்று மணலை வாரி
புதுப் பெயின்ட்டில் அடித்துக்கொண்டிருந்தது.
பூமயில் தினமும் கேட்பாள்,
வாய்விட்டு அல்ல,
சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து.
நாகூர்கனி துடைத்துத் துடைத்தே
கரணையில் முகம் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் மேனேஜர் தயாபரன் வந்தார்.
ஒரு கையில் செக், ஒரு கையில் தாள்.
செக்கில் ஒன்றரை லட்சம்.
தாளில் எல்லாமே:

மேற்படி கட்டடத்தின் பேரில்
எனக்கோ என் வாரிசுகளுக்கோ
எக்காலத்தும் எவ்விதப் பாத்தியதையும் இல்லையென
நல்ல நினைவுடன், முழுச் சம்மதத்துடன்...

நல்ல நினைவுதான்.
நாலடி தோண்டியதுமே உப்புத்தண்ணீர் ஊறியது
நினைவிருக்கிறது.
கம்பி கட்டிய அந்தோணிப்பிச்சையின் பெருவிரல்,
மூன்று தையல்.
ஜெனரேட்டர் நின்றுபோய்
செல்போன் வெளிச்சத்தில் போட்ட கான்கிரீட்.
ஆள் கணக்கையெல்லாம் பென்சிலால்
குளிர் அறையின் மேற்குச் சுவரில் எழுதியிருந்தோம்,
மார்பு உயரத்தில்.
பூமயில் பத்தொன்பதரை. கனி இருபத்தாறு.
பிறகு அதன்மேல்
நானேதான் பூசினேன்.

"மீதி?"
"மீதி எங்கண்ணே போகுது?
பேங்க்ல லோன் ரிலீஸ் ஆகணும்,
அதுக்கு இந்தக் காகிதம் வேணும்.
சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.
நம்புங்கண்ணே."

என் பேரே அதுதான்.
தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரம் வரை
கண்ணை மூடிக் கல்லெறிந்தால்
ஒரு நம்புராஜன் தலையில் விழும்.
அம்மன் சந்நிதியில் வைத்த பேர்.
மேனேஜர்களுக்காக வைத்ததில்லை.

பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்,
சிமெண்டு தின்ற கையில் எதுவும் ஒட்டாது.
அதற்குள் பூமயில் எழுந்து வந்தாள்.
எட்டாம் வகுப்பு.
மீன் வாங்குபவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
மூன்றாம் வரியைத் தூக்கிப் பார்த்தாள்.
"ஒன்றரை குடுத்தா
ஒன்றரைக்குத்தானண்ணே விட்டுக்குடுக்கணும்.
மூணே முக்காலையும் எதுக்கு?"

தயாபரன் சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.
"அப்ப நான் கிளம்பவா?"
அவர் விரலுக்கடியில் செக் படபடத்தது.
கனி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
தூண்டில் மிதப்பைப் பார்ப்பது மாதிரி.

எழுதினேன்.
'இல்லையென' என்ற சொல்லுக்கு மேலே,
இடம் போதாமல், ஓரத்தில் ஏறி:
பெற்ற ரூபாய் 1,50,000 வரைக்கும் மட்டும்.
ரசமட்டம் வைத்தால் குமிழி ஓடிவிடும்
அவ்வளவு கோணல்.
அதற்குக் கீழே ஸ்டாம்ப்பின் மேல் கையெழுத்து.

அவர் படித்தாரா, தெரியாது.
காற்றுக்குப் பயந்து சட்டென்று மடித்தார்.
அது தூத்துக்குடி முதலாளி மேஜைக்குப் போகுமா,
உச்சிப்புளி தாண்டுமுன் கிழியுமா,
அதுவும் தெரியாது.
சாவியைக் கழற்றிக் கொடுத்தேன்.
அது தொங்கிய இடம்
இரண்டு நாள் அரித்தது.

செக் பாஸானதும்
டீக்கடை பெஞ்சில் பங்கு வைத்தோம்.
பத்தொன்பதரையில் பதினோரு நாளுக்குத்தான்
பூமயிலுக்குக் கொடுக்க முடிந்தது.
எச்சில் தொட்டு இரண்டுதரம் எண்ணினாள்.
"மிச்சம் எட்டரை" என்றாள்,
என்னைப் பார்த்து அல்ல.

அவள் பார்த்த பக்கம்
முதல் லோடு இறால் இறங்கிக்கொண்டிருந்தது.
மேற்குச் சுவர் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.
பின்சுவரில் அந்த ஒரு கோட்டிங்
இன்னும் யாரும் அடிக்கவில்லை.